கூண்டு கட்டுதல்

கரூர்க்காரர்களிடம் கூண்டு என்று சொன்னால் கிளி நினைவுக்கு வராது, பஸ்தான் வரும். பேருந்துக்கு உடம்பு செய்கிற தொழிலுக்கு எங்கள் ஊரில் ‘கூண்டு கட்டுதல்’ என்று பெயர். கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேஸ் மட்டும்தான். இரண்டு நீள இரும்பு உத்திரங்கள், என்ஜின், ஸ்டீயரிங், சக்கரங்கள், அவ்வளவுதான். அதை ஓசூரிலிருந்து ஒருவர் ஓட்டிக்கொண்டு வருவார். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஓர் ஆள் ஓர் எலும்புக்கூட்டை ஓட்டிவருவதுபோல இருக்கும். நாங்கள் ரோட்டோரம் நின்று கையசைப்போம். அது ஊரில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் போகும். சில வாரம் கழித்துக் கூரையும் சன்னலும் சீட்டும் கலருமாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வெளியே வரும். நடுவில் உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க எனக்கு வாய்த்ததே இல்லை.

இத்தனைக்கும் என் அப்பா அந்தப் பட்டறைகளில் முப்பது வருடம் வெல்டராக இருந்தவர். சனிக்கிழமைகளில் அவருக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவேன். கேட்டுக்குக் கீழே ஓடும் இரும்புத் தண்டவாளம் வரைதான் எனக்கு எல்லை. “அங்கயே நில்லு கண்ணு, பொறி தெறிக்கும்” என்பார். என்னைவிட நாலு வயது சின்னவனான என் தம்பி அதே பொறிக்கு நடுவில் உட்கார்ந்து ராடுத் துண்டு பொறுக்கிக்கொண்டிருப்பான். பொறிக்கு ஆண்பிள்ளை, பெண்பிள்ளை தெரிகிறது என்று பிற்பாடு ஒரு கவிதையில் எழுதினேன். ஒரு பரிசும் கிடைத்தது. அப்பா அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்: “உன் நல்லதுக்குத்தானே சாமி.”

போன மே மாதம் என் மகள் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் ஒரு காருக்குக் கூண்டு கட்டினாள். ஏன் வீட்டில் கட்ட வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவள் வேறோர் ஊரில் மெக்கானிக்கல் படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். கல்லூரியில் பந்தயக் கார் கட்டும் மாணவர் குழு ஒன்று உண்டு. ஒற்றை ஆள் உட்காரும் காரை மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் ஓட்டிக்காட்ட வேண்டும். குழுவில் இருபத்தைந்து பேர். பெண்கள் நாலு பேர். முதல் வருடம் இவளை ‘செலவு அறிக்கை’ எழுத வைத்தார்கள். காரில் உள்ள ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை போட்டு ஒரு தடித்த அறிக்கை தர வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டாம் வருடமும் அதே வேலை, கூடவே இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. “எனக்கு ஃபிரேம் வேணும்டா” என்று கேட்டிருக்கிறாள். கேப்டன் பையன் கெட்டவன் இல்லை. பொறுமையாகவே சொல்லியிருக்கிறான்: “ஃபிரேம் வேலை எல்லாம் நைட்லதான் நடக்கும். நீ ஆறரைக்கு ஹாஸ்டல் போயிடுவியே.”

உண்மைதான். பகலில் வகுப்பு, மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் பட்டறை இவர்கள் கைக்கு வரும். போட்டி நெருங்கினால் இரவு பன்னிரண்டு, ஒன்று வரை வெல்டிங் ஓடும். பெண்கள் விடுதியின் கேட் ஆறரைக்கு மூடும். ஐந்திலிருந்து ஆறரை, அதிலும் இருபது நிமிடம் நடை. அந்த ஒரு மணிச் சொச்சத்தில் குழாயை எடுத்து அளந்து கிளாம்ப் போட்டு முடிப்பதற்குள் வாட்ச்மேன் விசில் ஊதிவிடுவார். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. கடிகாரம் மட்டும் சொன்னது. இரண்டு வருடத்தில் அவள் அந்தக் காரில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. ஆனால் அதில் எத்தனை கிலோ இரும்பு, என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

லீவுக்கு வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “அம்மா, நான் வீட்ல ஒரு ஃபிரேம் கட்டப்போறேன். எனக்கு. போட்டிக்கு இல்ல.”

என் மனதில் முதலில் வந்த வாக்கியத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ‘முகத்தில் தழும்பு விழுந்துவிட்டால்?’ இருபது வருடமாகப் பெண்ணிய இலக்கியம் பாடம் நடத்துகிறவள் நான். வாயை மூடிக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

வீட்டில் கார் கட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தவளுக்கு அவள் வரலாறு சொன்னாள். இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர், ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு செலவில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று 1996இல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பார்த்து அமைத்த எளிய வடிவம் அது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், ஓர் எட்டுக்கு நாலு பலகை, ஒரு வெல்டிங் மெஷின், ஒரு பழைய காரின் என்ஜின் இருந்தால் போதும். உலகம் பூராவும் வீட்டுக் கொட்டகைகளில் ஆட்கள் இதைக் கட்டியிருக்கிறார்கள். அந்த லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் தன் முதல் காரைக் கட்டியதும் ஒரு வீட்டுக் கொட்டகையில்தான், 1948இல். யார் வீடு? அவருடைய காதலி ஹேஸலின் அப்பா அம்மா வீடு. கம்பெனி தொடங்க 1952இல் 25 பவுண்டு கடன் கொடுத்ததும் ஹேஸல்தான். கார்ல் பென்ஸுக்கு முதல் போட்டவள் பெர்த்தா, அதுவும் தன் வரதட்சிணைப் பணத்தை. 1886ஆம் வருடக் காப்புரிமையில் கணவர் பெயர் மட்டும் இருக்கிறது. 1888இல் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிக் காட்டியவளும் அவள்தான். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாள், பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னாள். இடமும் பணமும் பெண்ணுடையது, பெயர் ஆணுடையது என்று நான் ஆரம்பிக்க, “அம்மா, லெக்சர் வேணாம். பைப் வாங்கணும், வண்டி எடு” என்றாள்.

இரும்புக் கடையில் கடைக்காரர் என்னிடம் கேட்டார்: “கேட்டுங்களா மேடம், ஷெட்டுங்களா?” கார் என்றதும் எங்கள் இருவரையும் தாண்டி, எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரரைப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஆட்டோக்காரர்தான் குடும்பத் தலைவர். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து சதுரக் குழாய், சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர், ஆறு மீட்டர் நீளத்தில் எட்டு. ஒரு நீளம் ஏழு கிலோ வரும் என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். தராசு ஐம்பத்தாறரை காட்டியது. கடைக்காரர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். இரும்பும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் கிரைண்டரும் ராடும் சேர்ந்து ஒரு நல்ல பட்டுப்புடவை விலை ஆனது. என் பீரோவில் கட்டாமல் மடித்துவைத்த புடவைகள் ஏழு இருக்கின்றன.

என் கணவர் வங்கியில் இருக்கிறார், ஈரோட்டிலிருந்து வாரக் கடைசியில் வருவார். அவர் காரைத் தெருவில் நிறுத்தவேண்டி வந்தது. “ஒரு கார் கட்டறதுக்கு ஒரு காரை வெளிய தள்ளணுமா” என்பதோடு அவர் எதிர்ப்பு முடிந்துவிட்டது. என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு எழுபத்து மூன்று வயது. போர்டிகோவில் வடகம் காயவைக்கும் இடம் போனதில் அவருக்குத்தான் நிஜமான கோபம்.

முதல் வாரம் வெல்டிங்கே இல்லை. போர்டிகோவின் தரை மழைத்தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டது. வாட்டமான தரையில் கட்டினால் கார் பிறக்கும்போதே கோணல். கொத்தனார் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, பலகையின் நாலு மூலைக்கும் மட்டம் பார்த்து, அடியில் ஓட்டுச்சில் ஆப்பு வைத்தோம். பலகைமேல் பென்சிலால் முழு அளவில் கூண்டின் அடித்தளத்தை வரைந்தாள். கோடுகளின் இருபுறமும் சின்னக் கட்டைகளை ஆணியடித்தாள், குழாய் நகராமல் இருக்க. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். என் முப்பதாண்டுப் படிப்பில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே வேலையாக இருந்த நாட்கள் அவை. நன்றாக இருந்தது.

புத்தகத்தில் இருந்த அளவுகளை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அது இங்கிலாந்து ஆண்பிள்ளைகளின் காலுக்கும் தோளுக்கும் போட்ட அளவு. கல்லூரிப் போட்டியிலோ ‘பெர்சி’ என்று ஒருவன் இருக்கிறான். நூறு ஆண்களை நிறுத்தினால் தொண்ணூற்றைந்து பேரைவிடப் பெரிய உடல் அவனுக்கு. அட்டையில் வெட்டிய மூன்று வட்டங்கள்தான் அவன்: இடுப்புக்கு 200 மில்லிமீட்டர், தோளுக்கு 200, தலைக்கவசத்துக்கு 300. அந்த உருவம் உள்ளே பொருந்தாவிட்டால் காரைப் பந்தயத்துக்கு விடமாட்டார்கள். பெரிய உடம்புக்காரரும் பத்திரமாக உட்காரவேண்டும் என்ற நியாயமான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்தடி ஓரங்குலமான என் மகள் இரண்டு வருடமாக அந்த இல்லாத ஆளின் உடம்புக்கு விலைப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, “அம்மா, குதிகால்ல கோடு போடு” என்றாள். போட்டேன். கை நீட்டிய இடத்தில் ஸ்டீயரிங்குக்கு ஒரு கோடு. புத்தக அளவைவிடப் பெடல் இருக்கும் இடம் ஒன்றேகால் சாண் முன்னால் வந்தது. ரவிக்கைக்கு அளவெடுப்பதைத் தவிர வேறெதற்கும் ஒரு பெண் உடம்பில் டேப் வைத்து நான் பார்த்ததில்லை என்பது அப்போது உறைத்தது.

குழாய்களை ஏன் குறுக்கும் நெடுக்குமாக வைக்கிறார்கள் என்று அம்மாவுக்குப் புரியவைக்க, ஈர்க்குச்சி நாலை நூலால் கட்டிக் காட்டினாள். சதுரத்தை மூலையில் அழுத்தினால் சாய்ந்து படுத்துவிட்டது. குறுக்கே ஒரு குச்சி கட்டி இரண்டு முக்கோணமாக்கினால் அசையவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது ஒரு மூலையைச் சாலை முறுக்கப் பார்க்கும், அந்த முறுக்கைக் குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் தாங்க வேண்டும், கனம் கூடாமல் பலம் கூட்டுவது இப்படித்தான் என்றாள். “கயித்துக் கட்டிலுக்குக் குறுக்குக் கயிறு இழுக்கறாப்ல” என்றார் அம்மா. வடகக் கோபம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது.

வெல்டிங் தொடங்கிய நாள் சொதப்பல். கடையில் கொடுத்தது பத்தாம் நம்பர் ராடு, கேட் செய்கிறவர்கள் வாங்குவது. இந்த மெல்லிய குழாயில் வைத்ததும் இரும்பு வெண்ணெய் மாதிரி உருகி ஓட்டை விழுந்தது. பன்னிரண்டாம் நம்பர் மாற்றி, ஆம்பியரை அறுபதுக்கும் கீழே இறக்கி, துண்டுக் குழாய்களில் மூன்று நாள் பழகினாள். அப்பாவின் முழுக்கை சட்டை, நூல் துணி, பாலியெஸ்டர் ஆகாது, பொறி பட்டால் தோலில் ஒட்டிவிடும். சட்டையின் மேல் பொத்தானைப் போட மறந்த ஒரு நாள் கழுத்தில் ‘வி’ வடிவில் சிவந்து தோல் உரிந்தது. வெல்டிங் வெளிச்சம் வெயிலைப் போலவே சுடும். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் மூன்று பெண்கள் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, “பாப்பாவுக்குக் கழுத்துல என்ன?” என்றார்கள். கேட்ட தொனியில் வேறு கதைகள் இருந்தன. “வெல்டிங்” என்றேன். யாரும் நம்பவில்லை.

வெளிச்சம் என்னையும் விடவில்லை. அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி முகமூடி இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். போர்டிகோவின் வெள்ளைச் சுவர் அத்தனை வெளிச்சத்தையும் என் கண்ணில் திருப்பி அடித்திருக்கிறது. இரவு ஒரு மணிக்குக் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எழுந்தேன். திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அம்மா விளக்குப் போடாமல் வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கைச் சீவி இமைமேல் வைத்தபடி சொன்னார்: “உங்கப்பனுக்கு மாசத்துல ரெண்டு தடவ இப்படி வரும். அப்ப இந்தக் கண்ணாடி எல்லாம் யாரு குடுத்தா. தாய்ப்பால் விட்டாத்தான் அடங்கும்பாங்க. நீ கைக்குழந்த. சங்குல பீச்சி அவரு கண்ணுல விடுவேன். அப்பறம் பட்டறைல மத்த ஆளுங்களும் கேட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க. சின்னப் பையன் ஒருத்தன் சங்கை எடுத்துட்டு வாசல்ல வந்து நிப்பான்.”

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “நா அந்தப் பட்டறைக்குள்ள ஒருநாளும் போனதில்ல. எம்பாலு போயிருக்குது.”

காலையில் கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், பாலும் வேண்டாம் உருளைக்கிழங்கும் வேண்டாம், கிருமி போகும் என்றார். பிறகு கேட்டார்: “வீட்டுக்காரர் வெல்டிங் ஒர்க்ஷாப் வெச்சிருக்காருங்களா?”

வெல்டிங்கில் இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதையும் தன் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் எல்லாச் சந்திப்பிலும் சின்னச் சின்னதாகத் தொட்டு மட்டும் வைக்க வேண்டும். அப்பா அதைப் ‘பொட்டு வைக்கிறது’ என்பார். முழுசும் சரியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகே முழு வெல்டிங். அவசரத்தில் மகள் ஒரு பக்கத்தை முழுதாக அடித்து முடித்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அம்மா மணையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், “மூலைக்கு மூலை நூல் புடிச்சுப் பாரு” என்றார். பிடித்தோம். ஒரு மூலைவிட்டத்துக்கும் மற்றதற்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

“அம்மாயி, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஓட்டுத்தையல் போடாம முழுத்தையல் போட்டா ரெக்ஸின் இழுத்துக்கும் சாமி. இதும் அதேதான?”

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா இருபத்திரண்டு வருடம் பஸ் சீட்டுகளுக்கு ரெக்ஸின் உறை தைத்தவர். வீட்டில், திண்ணையில், ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்ற கூலியில். அவர் தைத்த சீட்டுகளில் உட்கார்ந்து தமிழ்நாடு எவ்வளவோ தூரம் போயிருக்கும். எங்கள் வீட்டில் கூண்டு கட்டுகிறவர் யார் என்று கேட்டால் அப்பா என்றுதான் நான் சொல்லியிருப்பேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘பேருந்துக் கூண்டு கட்டி என்னைப் படிக்கவைத்த தந்தைக்கு’ என்று எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு எழுதியது, ‘அன்பு அன்னைக்கு’. எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது, பைண்டிங் போட்டு, நூலகத்தில் ஒரு பிரதியோடு.

அடித்த வெல்டிங்கைக் கிரைண்டரால் அறுத்துத் திரும்பக் கட்டினோம். இந்த முறை அம்மா சொன்ன வரிசையில்: இங்கே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று, ஆறவிட்டு அடுத்தது.

அந்த நாட்களில்தான் ஓர் இரவு பத்தரை மணிக்கு, கடைசி ராடு எரிந்துகொண்டிருக்கும்போது, எனக்கு விடுதிப் பதிவேடு நினைவு வந்தது. என் மகளின் விடுதியினுடையது அல்ல, நான் கையெழுத்துப் போட்டது.

நான் வேலைபார்க்கும் கல்லூரியில் மூன்று வருடம் மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தேன். எங்கள் கேட்டும் ஆறரைதான். 2018 ஜனவரி 31ஆம் தேதி முழு சந்திர கிரகணம். நிலா எழும்போதே கிரகணத்தோடு எழுந்தது. ஏறக்குறைய ஆறு இருபதிலிருந்து ஏழரை தாண்டி வரை முழுதாக மறைந்து செம்பு நிறத்தில் நின்றது. இயற்பியல் துறை மைதானத்தில் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். விடுதியிலிருந்து இருநூறு அடி தூரம் இருக்கும். முதுகலை இயற்பியல் படித்த ஒரு பெண் மற்ற பெண்கள் சார்பாக மதியமே என்னிடம் வந்தாள். எட்டு மணி வரை அனுமதி வேண்டும், வளாகத்துக்குள்ளேதானே என்றாள். “பார்க்கலாம்மா” என்றேன். மறுப்பதற்கு எங்கள் கல்லூரியில் வழங்கும் சொல் அது. ஆறரைக்கு வழக்கம்போல வருகை எடுத்தேன். மொட்டைமாடிக் கதவுக்கும் பூட்டு. மாணவிகள் கிழக்குப் பக்கச் சன்னல்களில் நின்று, கம்பிகளுக்கு நடுவே பார்த்தார்கள். மைதானத்திலிருந்து பையன்களின் கூச்சல் கேட்டது. அன்றிரவு நான் அந்தச் சிவந்த நிலாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நல்ல கவிதை என்று இன்னும்கூடச் சிலர் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் கேட்ட இயற்பியலை நான் கொடுக்காமல் விட்டதற்கு என்னிடம் காரணம் இருந்தது. ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது. தில்லி மாணவிகள் 2015இல் ‘பிஞ்சரா தோட்’ என்று, அதாவது கூண்டை உடை என்று, இதே விடுதிக் கேட்டுகளுக்கு எதிராக எழுந்ததை நான் வகுப்பில் பேசியிருக்கிறேன். பாதுகாப்பைச் சொல்லிப் பெண்களுக்கு மட்டும் தனி விதி வைக்கக்கூடாது என்று 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை சொன்னதும் தெரியும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் இரவு ஏழுக்குமேல் பெண்கள் ஆலையில் வேலைசெய்யக்கூடாது என்றதையும், அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னதையும் தேர்வுக்குக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண். தமிழில் மரச்சட்டத்துக்கும் நீதிமன்றச் சட்டத்துக்கும் ஒரே சொல் என்று சொல்லி மாணவிகளைச் சிரிக்கவும் வைப்பேன். பேசிவிட்டு மாலை ஆறரைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போவேன்.

மகளிடம் இதைச் சொன்னேன். முகமூடியை மேலே தள்ளிவிட்டுக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. “நாம மாடில இருந்து பார்த்தோமே அந்தக் கிரகணமா?” என்றாள். ஆமாம். காப்பாளர் விடுதியில் வருகை எடுத்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, தன் மகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சிவந்த நிலாவைக் காட்டினாள். அதை நான் மறந்திருந்தேன். மகள் மறக்கவில்லை. வேறொன்றும் சொல்லாமல் முகமூடியை இறக்கிக்கொண்டாள். கசடு தட்டும் சுத்தியல் சத்தம் அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

ஜூன் மூன்றாம் வாரம் கூண்டு நின்றது. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் தூக்கிவிட முடிகிறது. என் கணவர் உள்ளே உட்கார முயன்று முட்டி இடித்துக்கொண்டார். “இது உங்களுக்கு இல்லப்பா” என்றாள், சிரிப்பை அடக்காமல். துருப் பிடிக்காமலிருக்கச் செம்மண் நிறத்தில் ரெட் ஆக்ஸைடு பூசினோம். பெயிண்ட் அடிக்க அம்மாவும் வந்துவிட்டார். ஆம்னி வேனின் என்ஜினும் பின் ஆக்ஸிலும் இதற்குப் பொருந்தும், பின் சக்கரத்தை இழுக்கும் வண்டி அது, 796 சிசி போதும் என்கிறாள். காயலான் கடைகளில் விசாரித்துவைத்திருக்கிறாள். கட்டி முடித்தாலும் இதைத் தெருவில் ஓட்ட முடியாது, பதிவு கிடைக்காது. பந்தயத் திடலில் மட்டும்தான். கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டியதெல்லாம் அப்படித்தானே என்கிறாள். செட்டிபாளையத்துத் திடலுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டம்மா இன்னும் அதை ஊஞ்சல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கல்லூரி திறந்தது. இந்த முறை ஃபிரேம் வேலைக்கே பெயர் கொடுத்திருக்கிறாள். தன் வெல்டிங்கின் படங்களைக் கேப்டனிடம் காட்டியிருக்கிறாள். அவன் வாயடைத்துப்போய், “நைட் பர்மிஷன் மட்டும் வாங்கிட்டு வா” என்றானாம். விடுதியில் பெற்றோர் கடிதம் கேட்டார்கள். எழுதி அனுப்பினேன். பட்டறை வேலைக்காக இரவு பதினொரு மணிவரை அனுமதிக்க வேண்டும், ஆண் மாணவர்களுக்கு உள்ள அதே நேரம், என் முழுச் சம்மதத்துடன். ‘என் பொறுப்பில்’ என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டேன். இருபது வயதுப் பெண்ணுக்கு அவளே பொறுப்பு.

மூன்றாம் நாள் விடுதிக் காப்பாளர் கூப்பிட்டார். தமிழ்த்துறைக்காரர் இல்லை, கணிதம். குரலில் களைப்பு. கெட்டவர் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. “நீங்களும் வார்டனா இருந்திருக்கீங்கன்னு பொண்ணு சொல்லுச்சு மேடம். உங்களுக்கே தெரியும். ஒருத்திக்குக் குடுத்தா நாலு பேர் கேப்பாங்க.”

“நாலு பேர்தான் மேடம் அந்தக் குழுவுல பொண்ணுங்க. நாலு பேருக்கும் குடுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்தப் பக்கம் ஏதோ பதிவேடு புரளும் சத்தம். மணி ஆறேகால் இருக்கும்.

“பார்க்கலாம் மேடம்” என்றார்.

“எப்ப பார்க்கலாம் மேடம்?” என்றேன். “நான் லைன்லயே இருக்கேன்.”